240 நாள் விடுப்பை அரை நாட்களாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பெற்றோராக இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது பேச்சு மகப்பேறு விடுப்போடு நின்றுவிடுகிறது. குழாய் வழியே உணவு, வலிப்பு மருந்து, வாரந்தோறும் பிசியோதெரபி என்று வளரும் குழந்தையின் வீட்டில் நெருக்கடி பேறுகாலத்தோடு முடிவதில்லை. ஆய்வுக் காலம் முழுக்கத் தொடரும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறை, மகப்பேறு மற்றும் குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாட்கள் வரை விடுப்பு தருகிறது. ஆய்வை முடிக்க 6 ஆண்டுகள், மறுபதிவு செய்தால் இன்னும் 2, பெண்களுக்கு அதற்கு மேலும் 2. வரவேற்க வேண்டிய விதிதான். ஆனால் இது தாய்க்கு மட்டுமே. இரவெல்லாம் குழந்தையோடு விழித்திருக்கும் தகப்பனும் ஓர் ஆய்வாளராக இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இன்னொன்று, கால நீட்டிப்போடு உதவித்தொகை நீள்வதில்லை. இளநிலை ஆய்வு உதவித்தொகை (ஜேஆர்எஃப்) 2 ஆண்டு, முதுநிலை ஆய்வு உதவித்தொகை (எஸ்ஆர்எஃப்) 3 ஆண்டு, ஐந்தாம் ஆண்டோடு பணம் நின்றுவிடும். மருந்துச் செலவு நிற்காது.

இந்த 240 நாட்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் எட்டே மாதத்தில் தீர்ந்துவிடும். அரை நாட்களாக்கினால் 480. ஆறு ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் மாதம் ஆறு, ஏழு அரை நாட்கள் வரும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க, ரத்தப் பரிசோதனைக்கு, குழாய் மாற்ற என்று ஒரு மாதத்துக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய இவ்வளவுதான். பல்கலைக்கழகங்கள் மனது வைத்தால் போதும்.

மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் வைத்த குழந்தையின் ஒரு பகலைக் கணக்குப் போட்டால் ஏன் இப்படிக் கேட்கிறோம் என்பது புரியும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உணவு என்று வைத்துக்கொள்வோம். குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். சிரிஞ்சால் சிறிது உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். சந்தேகம் இருந்தால் உணவு கொடுக்கக் கூடாது, மருத்துவமனையைத்தான் கேட்க வேண்டும். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, சிரிஞ்சை அழுத்தாமல் உணவு தானாக இறங்கவிட்டால் 20 முதல் 30 நிமிடம் ஆகும். முன்னும் பின்னும் குழாயில் தண்ணீர் செலுத்த வேண்டும். சரியாகப் பொடிக்காத மாத்திரை குழாயை அடைக்கும். மருந்துக்குப் பின் தண்ணீர் விட மறப்பதும் அடைக்கும். முடிந்த பிறகு இன்னும் அரை மணியாவது குழந்தை நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஏற்பாட்டையும் கழுவுவதையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்தில் ஒன்றரை மணி இதற்கே போய்விடும்.

இந்த நேரங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல என்பதை நெறியாளர்கள் தெரிந்துகொண்டால் நல்லது. உணவு இறங்கும்போது படிக்கவே கூடாது. இருமலோ நிறமாற்றமோ வந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும், கண் குழந்தை மேல்தான் இருக்க வேண்டும். நிமிர்த்தி வைத்திருக்கும் அரை மணியில் ஒரு கட்டுரை வாசிக்கலாம், மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கலாம். எழுதுவது குழந்தை உறங்கும் நேரத்தில் மட்டுமே நடக்கும். எழுந்து போகும் முன் அடுத்த வாக்கியத்தின் பாதியை எழுதி வைத்தால் திரும்பி வந்ததும் விட்ட இழையைப் பிடித்துவிடலாம்.

ஆய்வாளரான பெற்றோர் குழந்தையின் நோயைப் பற்றியும் தேடித் தேடிப் படிப்பார்கள். படிக்கட்டும், அந்த ஆர்வத்தை மருத்துவர்கள் தொந்தரவாக எண்ண வேண்டாம். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கவுரையை மட்டும் படித்துவிட்டு மருந்தளவில் கை வைப்பது ஆபத்து. அந்த ஆய்வு எலியில் நடந்ததா, எத்தனை குழந்தைகளிடம், எந்த வயதில், கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து, கேள்வியாக எழுதி எடுத்துப் போக வேண்டும். வீட்டு மருந்துப் பட்டியலில் மி.லி. மட்டும் எழுதவே கூடாது. பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதும் கிடைக்கிறது, 250 உள்ளதும் கிடைக்கிறது. மருந்து கொடுத்து முடித்த பின்தான் கட்டத்தில் குறியிட வேண்டும். தூக்கம் கெட்டவர் கொடுக்கும் முன்பே குறியிட்டால் வேளை தவறும், குறிக்க மறந்தால் இரண்டு தரம் போய்விடும்.

புதுப் பணம் கேட்காமல் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. பருவத்துக்கொரு முறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்பதைக் காணொளியில் அனுமதிக்கலாம். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஆய்விதழ்களைத் தரும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 ஜனவரி முதல் கிடைக்கும் இதழ்களை வளாகத்துக்குள் மட்டும் படிக்க முடிந்தால் இந்தப் பெற்றோருக்குப் பயனில்லை. வீட்டிலிருந்து திறக்கும் கணக்கை நூலகம் பதிவு நாளன்றே தர வேண்டும். கூட்டத்தை மாலை 6 மணிக்கு வைக்காதீர்கள், அது பெரும்பாலும் உணவு வேளை.

யுஜிசி தன் விதியில் "பெண் ஆய்வாளர்" என்பதோடு "தீவிரப் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் பெற்றோர்" என்பதையும் சேர்த்து, விடுப்பை அரை நாட்களாகவும் எடுக்கலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆய்வாளர்களான பெற்றோர் சிலர்,
திருச்சி.