சாரம் கட்டுவதற்கு முன் ஒரு சாயங்காலம்

கும்பாபிஷேகத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லா ஊர்த் திருப்பணிக் குழுப் பெரியவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். சில ஊர்களில் என்னை "மியூசியத்து அம்மா" என்பார்கள். வேறு சில ஊர்களில் "வேலையை நிறுத்த வந்தவங்க" என்பார்கள். இரண்டும் சரியில்லை. தொல்லியலில் பாதுகாப்பு என்று ஒரு பிரிவு உண்டு. கல், சுதை, ஓவியம், செப்புத் திருமேனி இவை கெடாமல் பார்த்துக்கொள்வதும், கெட்டதை மேலும் கெடாமல் நிறுத்துவதும்தான் அங்கே வேலை. இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

தொல்லியல் என்றதும் எல்லாரும் "எங்கே தோண்டுறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான் ஒரு குழிகூடத் தோண்டியதில்லை. வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு இதில் சேர்ந்தபோது என் அம்மா கேட்டாள்: "இவ்வளவு படிச்சுட்டுப் போய் சுவரைத் துடைக்கிறியா?" உண்மையில் முதல் இரண்டு வருடம் அதுதான் நடந்தது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஓவியத்தின் மேல் படிந்த கரியை ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சாரத்தில் உட்கார்ந்தால் ஓர் உள்ளங்கை அகலம் சுத்தமாகும். (வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் எச்சில் தொட்டுத் துடைப்பதும் உண்டு, அழுக்கை நன்றாகவே இளக்கும். நம் கோயிலில் அதைச் சொல்லக்கூட வாய் வராது என்பதால் வடித்த நீரோடு நிறுத்திக்கொள்கிறோம்.)

அப்புறம் தட்டிப் பார்ப்பது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குவீர்களே, அதே மாதிரிதான். விரல் நுனியால் ஓவியச் சுவரை மெல்லத் தட்டினால், பூச்சு கல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும். விட்டுப்போன இடத்தில் 'டொக்' என்று பொள்ளலாக வரும். அந்த இடத்தில் ஊசி வழியாகச் சுண்ணாம்புக் குழம்பை உள்ளே இறக்கி, பஞ்சு வைத்து, விழாமல் முட்டுக் கொடுத்து, காயும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் வேலை நன்றாக நடந்தால் எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. திறப்பு விழாவில் காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இருக்காது. உங்களுக்கும் எங்களுக்கும் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம். நன்கொடை கொடுத்தவருக்குப் பளபளப்பைக் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கிறது.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வேலை பாதி முடிந்த பிறகு கூப்பிட்டார்கள், அதுவும் வேறு ஏதோ ஓவியம் பற்றிக் கேட்க. போய் இறங்கினால் பிராகாரச் சுவர் முழுக்க மணல் வீச்சு (கம்ப்ரஸர் காற்றில் மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துலக்குவது) அடித்து முடித்திருந்தார்கள். குழுத் தலைவர் வாசலிலேயே நின்று, "புதுக் கல்லு மாதிரி இருக்கு பாருங்கம்மா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அதிட்டானத்தின், அதாவது சுவருக்குக் கீழுள்ள அடித்தளத்தின், அருகே உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தேன். அதில் குமுதம் என்கிற புடைப்பு வரிசையில் ஒரு மூலையில் மட்டும் எழுத்து மிச்சமிருந்தது: 'சாவா மூவாப்'. அதற்கு மேல் படிக்க ஒன்றுமில்லை.

அது விளக்குத் தானக் கல்வெட்டு. கோயிலில் நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிப்பதற்காக யாரோ ஆடு விட்டிருக்கிறார்கள். 96 ஆடு என்று எத்தனையோ கல்வெட்டுகளில் வரும். கிழடாகிச் செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். கொடுத்தது யார், எந்த ஊர், எந்த ராஜா காலம் என்பதெல்லாம் கம்ப்ரஸர் காற்றோடு போய்விட்டது. அந்தச் சுவரை யாராவது எப்போதாவது மைப்படி (தாளில் மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுத்திருப்பார்களா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

தலைவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. மணல் வீச்சுக்குத் தடை உண்டு என்பதுகூட அவருக்குத் தெரியாது. காண்ட்ராக்டர் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தடை தெரிந்த ஊர்களிலும் இப்போது அதிவேகத் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள், ஆசிட் ஊற்றுகிறார்கள். காலப்போக்கில் கல்லின் மேல் ஒரு தோல் உருவாகியிருக்கும். அதை உரித்துவிட்டால் கல் சொரசொரப்பாகிவிடும், முன்னைவிட வேகமாக எண்ணெயும் தூசியும் பிடிக்கும். அடுத்த பன்னிரண்டு வருடத்தில் மறுபடி கறுத்திருக்கும், மறுபடி அடிப்பீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டுமா? நீர்த்த அம்மோனியா, கொஞ்சம் மென்மையான சோப்புக் கரைசல், நைலான் பிரஷ், நிறையத் தண்ணீர் போதும். என்ன, நாள் பிடிக்கும்.

சிமெண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இதைவிட மோசம். மேல்தளம் ஒழுகுகிறது என்று சிமெண்ட் பூசுகிறீர்கள். பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஈரத்தை உள்வாங்கி, வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே சிக்கிய தண்ணீர், உப்பையும் கரைத்துக்கொண்டு வேறு வழி தேடி வரும். பெரும்பாலும் அது ஓவியம் இருக்கிற உள்சுவராகத்தான் இருக்கும். அங்கே காயும்போது உப்பு பூக்கும், நிறத்தைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும். கூரையில் பூசியதற்கும் சுவரில் உதிர்வதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான்.

"பூஜை நடக்கிற கோயிலை மியூசியம் ஆக்கச் சொல்றீங்களா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. இல்லை. அபிஷேகம் நடக்கட்டும், விளக்கு எரியட்டும், உற்சவர் வீதிக்கு வரட்டும். ஸ்ரீரங்கம் கோயில் 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. அங்கே பூஜை நிற்கவில்லையே. உற்சவர் மேனியில் வெளிர்ப்பச்சையாகப் பொடி கிளம்பினால் மட்டும் புளி போட்டுத் தேய்க்காமல் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அது வெறும் களிம்பு இல்லை, உள்ளே அரித்துக்கொண்டு போகிற நோய். 1930-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆய்வுக்கூடம் தொடங்கிய டாக்டர் எஸ். பரமசிவன் காலத்திலிருந்தே அதற்கு இங்கே வைத்தியம் இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சோழர் வேண்டும் என்பதற்காக நாயக்கரைச் சுரண்டி எறிந்துவிடவில்லை. பிற்பாடு இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் மேல் அடுக்கைப் பகுதி பகுதியாகச் சுவரிலிருந்து பிரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் ஏற்றி, தனியாக வைத்தார்கள். எங்கள் தொழிலில் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்கிற கதை இது.

நான் சொன்னால் சரிப்படாது என்றால், திருப்பணியில் உங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களை எடுத்துவிட்டு ஊர் ஊராகக் கற்றளி, அதாவது கல் கோயில், கட்டினார். திருக்கோடிகாவலில் அப்படிக் கட்டும்போது பழைய கோயிலில் இருந்த பல்லவர் காலக் கல்வெட்டுகளை அப்படியே படி எடுக்க வைத்து, புதுச் சுவரில் திரும்ப வெட்டச் செய்தார். 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்று அங்கே வெட்டியே வைத்திருக்கிறது. தனக்குச் சம்பந்தமில்லாத வேறு வம்சத்து ராஜாக்கள் காலத்தில் யாரோ கொடுத்த தானம் அது. அந்தம்மாவுக்கு ஜெராக்ஸ் கிடையாது, கேமரா கிடையாது. நம் பையிலிருக்கும் போனில் இரண்டும் இருக்கிறது.

இன்னொன்று. பந்தலுக்கு, மேளத்துக்கு, அன்னதானத்துக்கு எல்லாம் கணக்கில் இடம் ஒதுக்குகிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். தொல்லியல் பட்டயம் முடித்துவிட்டு, வேலை இல்லாமல் துணிக்கடையில் நிற்கிற பையன்கள் இருவரை எனக்குத் தெரியும். கல்வெட்டை நனைத்து, தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும்பி வரும். அதை அவ்வளவு நேர்த்தியாகச் செய்வார்கள். ஒரு கோயில் முழுக்கப் படியெடுக்க அவர்கள் கேட்பது உங்கள் பட்டாசுச் செலவுக்குக்கூட வராது.

எனக்கு ஒன்றும் வேண்டாம். மூர்த்தியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்கு முன்னால், சாரக்கம்பு வந்து இறங்குவதற்கு முன்னால், ஒரு தகவல் சொல்லுங்கள். பத்திரிகையில் பெயர் போட வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். பகலில் வர மாட்டேன். நேர்வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால்தான் எழும்பும். டார்ச் என்னிடம் இருக்கிறது. ஒரு ஏணியும், பிராகாரத்து டியூப்லைட்டுகளை அணைத்து வைக்க ஓர் ஆளும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
சாரத்தில் பாதி ஆயுளைக் கழித்த ஒருத்தி