ஊதுபத்தி குச்சி போக மிச்ச மூங்கில போர்டா மாத்துங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

2020 ஜூன்ல மூங்கில் குச்சிக்கு இறக்குமதி வரிய 10லருந்து 25 சதவீதமா ஏத்துனாங்க, திரிபுரா மாதிரி மாநிலத்துல குச்சி சீவுறவங்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனா காதி கிராமத் தொழில் ஆணையமே சொன்ன கணக்கு ஒண்ணு இருக்கு, ஊதுபத்தி குச்சியா மாறுறது மூங்கில்ல 16 சதவீதம்தான், மீதி 84 சதவீதம் வேஸ்ட். கணு, சீவல், தூள் எல்லாமே காசு குடுத்து வாங்குன மூங்கில் சார், மனசு கேக்கல.

இந்த வேஸ்ட கரியாக்கி விக்கலாம்னு 2022 மே மாசம் மூங்கில் கரி ஏற்றுமதிக்கு இருந்த தடைய எடுத்தாங்க. கரி சுடுறது தப்புன்னு சொல்லல, ஆனா நல்ல நார் உள்ள பொருள சூளைல போடுறதுக்கு முன்னாடி அதுல போர்டு செய்யலாமே? சில்லா நறுக்கி, காயவெச்சு, ரெசின்ங்கிற பசைய கலந்து ஹாட் பிரஸ்ல சூடா அழுத்துனா பார்ட்டிக்கிள் போர்டு ரெடி, பார்ட்டிஷன், சீலிங், அலமாரின்னு உள்வேலைக்கு தாராளமா ஆகும்.

சும்மா அழுத்துனா வந்துராது, அதையும் சொல்லணும். மூங்கிலோட மேல்தோல்ல மெழுகும் மணல்ல இருக்குற சிலிக்காவும் இருக்கு, பசை சரியா பிடிக்காது, பிளேடும் சீக்கிரம் மழுங்கிரும். சில்லு சரியா காயலன்னா பிரஸ்ல ஆவி வெளிய போக வழியில்லாம போர்டு நடுவுல பிளந்துக்கும். மாவுச்சத்து இருக்குறதால வண்டு அரிக்கும், அதுக்கு போராக்ஸ், போரிக் ஆசிட் மருந்து இருக்கு. ரெசின்ல மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது, மட்டமான யூரியா ஃபார்மால்டிஹைடு ரெசின் போட்டா ரூம்ல கண்ணெரியுற ஃபார்மால்டிஹைடு காத்துதான் வரும், தண்ணி படுற இடத்துக்கு ஃபீனால் மாதிரி தண்ணி தாங்குற ரெசின் போடணும்.

நம்மகிட்ட அறிவு இல்லாம இல்ல. பெங்களூர் பிளைவுட் ஆராய்ச்சி நிலையம் மூங்கில் பாய்ல போர்டும் நெளி கூரை ஷீட்டும் எப்பவோ செஞ்சு காட்டிருச்சு, பாய் போர்டுக்கு 1994லயே ஐஎஸ்ங்கிற இந்தியத் தரநிலை வந்தாச்சு. அது முழு மூங்கில சீவி, பாயா பின்னி செய்யுறது, அதே அக்கறைய இந்த மிச்சத்து மேலயும் காட்டுங்கன்னுதான் கேக்குறேன்.

சில்லு எடை கம்மி, இடம் ரொம்ப அடைக்கும், லாரில தூரமா அனுப்புனா வாடகைலயே லாபம் போயிரும். அதனால தேசிய மூங்கில் இயக்கத்து பணத்துல குச்சி மில்லுங்க பக்கத்துலயே பொதுவா சில்லு நறுக்குற சிப்பர், காயவெக்குற டிரையர், பிரஸ் போட்டு குடுக்கணும், ஃபார்மால்டிஹைடு டெஸ்ட் பாஸான போர்டுகள அரசு கட்டட டெண்டர்லயும் சேக்கணும்.

இப்படிக்கு,
மரவேலை செய்யும் வாசகர், திருச்சி