லோசார்ட்டனும் கல்லீரல் தழும்பும்

ஆசிரியருக்கு,

இரத்த அழுத்தத்துக்காக நான் தினமும் விழுங்கும் 50 மில்லிகிராம் லோசார்ட்டன் கல்லீரல் தழும்பையும் ஆற்றுமாமே என்று கேட்டு, என் மாத்திரை அட்டையிலிருந்து இரண்டைக் கடன் கேட்டார் நண்பர் ஒருவர். கல்லீரல் காயப்படும்போது விழித்தெழும் விண்மீன் வடிவச் செல்கள், ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் தம் ஏற்பியில் வந்து பொருந்தியதும் தழும்பாகப் படியும் கொலாஜன் நாரை மேலும் மேலும் சுரக்கின்றன. லோசார்ட்டன் அந்த ஏற்பியை அடைத்துவிடுவதால் ஆய்வுக்கூட எலிகளில் தழும்பு குறைந்தது உண்மையே. மனிதர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மேலும், கல்லீரல் தழும்பு முற்றிய சிரோசிஸ் நிலையில் வயிற்றில் நீர் கோத்த நோயாளிக்கு இதே மாத்திரை இரத்த அழுத்தத்தை மிகவும் இறக்கி, சிறுநீரகத்தையும் பழுதாக்கக்கூடும். அத்தகைய நோயாளிக்கு மருத்துவர் வழக்கமாக எழுதித்தருவது ஆல்டோஸ்டிரோன் என்ற வேறொரு ஹார்மோனின் ஏற்பியை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன். அதுவும் நீரை வடிக்கத்தான், தழும்பை ஆற்ற அல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை