பயாஸ் புதுப்பித்தலால் பறிபோன மெய்நிகராக்க வசதியைத் திரும்பக் கோரும் புகார்

அனுப்புநர்:
அச்சக உரிமையாளர்,
மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
மடிக்கணினித் தயாரிப்பு நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2025 ஜனவரியில் 78,500 ரூபாய் கொடுத்து உங்கள் நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். விண்டோஸ் 11க்குள்ளேயே இன்னோர் இயங்குதளத்தை மெய்நிகர் கணினியாக ஓட்ட முடியுமா என்பதுதான் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி. முடியும் என்று சொன்னார்கள். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆகஸ்டில் உங்கள் புதுப்பித்தல் மென்பொருள், கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை 1.14 பதிப்பிலிருந்து 1.17க்கு மாற்றியது. மறுநாள் காலை, மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைத் திறந்தபோது, விடி-எக்ஸ் (கணினியின் செயலியிலேயே உள்ள மெய்நிகராக்க வசதி) பயாஸில் முடக்கப்பட்டுள்ளது என்ற பிழைச் செய்தி வந்தது. முடக்கத்தை நீக்கலாம் என்று பயாஸ் அமைப்புக்குள் சென்று பார்த்தால், முன்பு அங்கே இருந்த 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்ற வரியே இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்பவும் உங்கள் பயாஸ் அனுமதிக்கவில்லை.

இந்த வசதி எனக்கு எதற்கு என்று உங்கள் சேவை மையத்தில் இருமுறை கேட்டார்கள். ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன். 1998 முதல் 2011 வரை எங்கள் அச்சகத்தில் கோத்த நூல்களும் கும்பாபிஷேக மலர்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக இருக்கின்றன. அவற்றில் இருப்பது இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடு தமிழ் அன்று. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் குறியாக்கங்களில் சில, அதற்கும் முந்தைய தனியார் எழுத்துருக்களில் பல. அந்த எழுத்துருக்களோடு வந்த விசைப்பலகை மென்பொருள் 64 பிட் விண்டோஸில் இயங்குவதில்லை. யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றினால் எழுத்தின் அகலம் மாறி, வரி உடைந்து, பக்கம் நகர்ந்து, பொருளடக்கமும் சொல்லடைவும் பொய்யாகிவிடும். 400 பக்க நூல் ஒன்றை மீண்டும் முழுவதுமாக மெய்ப்புப் பார்க்க வேண்டியிருக்கும். மறுபதிப்பில் ஒரு பிழையை மட்டும் திருத்தக் கேட்டு வரும் எழுத்தாளரிடம் அந்தச் செலவைச் சொல்ல எனக்கு மனம் வராது. எனவே 512 எம்.பி. நினைவகமும் 20 ஜி.பி. வட்டும் ஒதுக்கி, மெய்நிகர் கணினி ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பியை வைத்திருக்கிறேன். 2014 ஏப்ரல் 8 அன்றே எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்துவிட்டதால் அதற்கு இணைய இணைப்பே கொடுக்கவில்லை. ஆதரவு நின்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், இப்படிப் பூட்டிய அறைக்குள் வைத்துப் பயன்படுத்துவதே பொறுப்பான முறை என்பது என் உறுதியான கருத்து.

சேவை மையத்தில் முதலில் விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவினார்கள். எனக்கு இரண்டு நாள் வேலை போனதைத் தவிர அதனால் ஒன்றும் நடக்கவில்லை, நடக்கவும் வழியில்லை. கணினி உயிர்பெறும்போது மெய்நிகராக்கத்தை அனுமதிப்பதா வேண்டாமா என்பதைச் செயலிக்குள் இருக்கும் பதிவகம் (சிறு நினைவிடம்) ஒன்றில் எழுதிப் பூட்டுவது பயாஸ்தான். பூட்டியபின் அடுத்த மறுதொடக்கம் வரை எந்த இயங்குதளத்தாலும் அதை மாற்ற இயலாது. பயாஸ் செய்ததை விண்டோஸில் தேடியது வாசலில் தொலைத்ததைக் கொல்லையில் தேடியது போன்றது.

அடுத்து, விர்ச்சுவல்பாக்ஸின் 6.0 பதிப்பை நிறுவிப் பார்க்குமாறு தொலைபேசியில் சொன்னார்கள். செயலியின் துணையின்றி 32 பிட் இயங்குதளத்தை ஓட்டும் முறை அதில் இருந்தது உண்மை. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு அது நீக்கப்பட்டது. பல ஆண்டுகளாகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத அந்தப் பழைய மென்பொருளை, வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் கோப்புகளும் உள்ள கணினியில் நிறுவச் சொல்வது தீர்வாகாது. நான் பயன்படுத்தும் இன்னொரு மெய்நிகர் கணினியான 64 பிட் உபுண்டுவும் அதில் ஓடாது.

இறுதியாக, இரண்டாவது இயங்குதளம் ஓட்டுவது உத்தரவாதத்தில் அடங்காது என்று மின்னஞ்சலில் பதில் வந்தது. என்னை மிகவும் வருத்தியது இந்தப் பதில்தான். எக்ஸ்பியையோ விர்ச்சுவல்பாக்ஸையோ சரிசெய்து தருமாறு நான் கேட்கவே இல்லை. நான் கேட்பது செயலியில் உள்ள ஒரு வசதியை. இன்டெல் 2005இலேயே தன் செயலிகளில் கொண்டுவந்த, என் மடிக்கணினியின் செயலி விவரத்தில் இன்றும் 'உண்டு' என்று குறிப்பிடப்பட்டுள்ள வசதி அது. விலை கொடுத்து வாங்கி ஏழு மாதம் பயன்படுத்திய ஒன்றை, என்னிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் நீங்கள் அகற்றியிருக்கிறீர்கள். இது மெய்நிகர் கணினி ஓட்டுபவர்களுக்கு மட்டுமான இழப்பும் அன்று. விண்டோஸ் 11இன் 'மெமரி இன்டெக்ரிட்டி' பாதுகாப்பும் இதே மெய்நிகராக்கத்தை நம்பியே இயங்குகிறது. என் கணினியில் இப்போது அதுவும் செயல்படவில்லை. இதே பயாஸைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அந்த அமைப்பை மீட்டுத்தரும் பயாஸ் பதிப்பை வழங்க வேண்டும், அல்லது 1.14 பதிப்புக்குத் திரும்ப வழிசெய்து தர வேண்டும். இரண்டும் இயலாது எனில் மடிக்கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தர வேண்டும். இன்னொரு முறை விண்டோஸை நிறுவித் தருவதை நான் ஏற்கமாட்டேன். உரிய பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். விற்பனைச் சீட்டின் நகல், புதுப்பித்தலுக்கு முன்னும் பின்னும் எடுத்த பயாஸ் திரையின் படங்கள், உங்கள் மின்னஞ்சல் பதில் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

மூன்று நூல்களின் மறுபதிப்பு வேலை என் மேசையில் நின்றுகிடக்கிறது. விரைந்து நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்