மூன்றாவது ஆளுக்குப் போட்டால் வீண் ஓட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் காரமாக எழுதியிருந்தார். இரண்டு பெரிய வேட்பாளர்களையும் பிடிக்கவில்லை என்று மூன்றாவது ஆளுக்கு ஓட்டுப் போட்ட புத்திசாலிகளால்தான் அமெரிக்காவில் டிரம்ப் மறுபடியும் வந்து உட்கார்ந்தார், நம் மலேசிய இந்தியர்களிலும் அப்படிப்பட்டவர்கள் பெருகிவிட்டார்கள், இவர்கள் வீட்டிலேயே படுத்துக் கிடக்கலாம் என்பது அவர் வாதம். ஜாலான் ஈப்போ பக்கம் நாங்கள் நாலைந்து பேர் வழக்கமாகப் பசியாறும் கடையில் அந்தப் பத்திரிகை மேசைக்கு மேசை போய் வந்தது. ரொட்டி சானாய் ஆறி ரப்பராகப் போனதுதான் மிச்சம், பேச்சு ஒரு முடிவுக்கும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். மிச்சிகன் மாநிலத்தில் டியர்போர்ன் என்று ஓர் ஊர், அரபு மக்கள் நிறைய வாழும் இடம். காசாவில் குண்டு விழ விழ பைடன் அரசு இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டே இருக்கிறதே என்ற கோபத்தில், 2024 பிப்ரவரியில் நடந்த உட்கட்சித் தேர்தலிலேயே அந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பைடனுக்குப் போடாமல் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற இடத்தில் குறி போட்டு எச்சரிக்கை கொடுத்தார்கள். நவம்பரில் டியர்போர்னில் பலர் கமலா ஹாரிசை விட்டுவிட்டுப் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைனுக்குப் போட்டார்கள். எங்கள் கடையில் டாக்சி ஓட்டும் நண்பர் ஒருவர், "அங்கதான் போச்சு" என்று மேசையைத் தட்டினார். போகவில்லை. மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்தது சுமார் 80 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில். ஸ்டைன் அந்த மாநிலம் முழுக்க வாங்கியதே சுமார் 45 ஆயிரம்தான். எல்லாவற்றையும் வாரி ஹாரிசுக்குக் கொடுத்தாலும் பற்றாது. அதோடு, இழுபறி மாநிலங்கள் என்று சொல்லப்பட்ட ஏழிலுமே டிரம்ப்தான் ஜெயித்தார்.

2016 கதை வேறு, அதை மறைக்கக் கூடாது. மிச்சிகனில் டிரம்புக்கும் ஹிலாரிக்கும் இடையில் வெறும் 10,704 ஓட்டு, ஸ்டைனுக்கு அங்கே 51 ஆயிரத்துக்கும் மேல். விஸ்கான்சினிலும் பென்சில்வேனியாவிலும் ஸ்டைன் வாங்கியது வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தாளில் கூட்டிக் கழித்தால் ஹிலாரி வந்திருக்கலாம். ஆனால் அதே தேர்தலில் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் நாடு முழுக்க 44 லட்சத்துக்கும் மேல் வாங்கினார், ஸ்டைன் வாங்கியதைப் போல் மூன்று மடங்கு. அவர் இல்லாவிட்டால் அந்த ஓட்டெல்லாம் எந்தப் பக்கம் போயிருக்கும்? மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் அவருக்குப் போட்டவர்கள் வரிசையாக வந்து நமக்குப் பிடித்த ஆளுக்குப் போடுவார்கள் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பாதிப் பேர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இருவரையும் பிடிக்கவில்லை என்று நாடே கருத்துக்கணிப்புகளில் சொன்ன தேர்தல் அது.

இந்தப் பழியின் தாய்க் கதை 2000ல் புளோரிடாவில் நடந்தது. புஷ் அல் கோரை 537 ஓட்டில் ஜெயித்தார், பசுமைக் கட்சியின் ரால்ப் நேடர் அங்கே வாங்கியது 97 ஆயிரத்துக்கும் மேல். அன்று தொடங்கி நேடர் தலையில்தான் எல்லாம். ஆனால் பாம் பீச் வட்டாரத்தில் வாக்குச்சீட்டை இரண்டு பக்கமும் பெயர் வைத்து நடுவில் துளை போடும்படி குழப்பமாக அச்சடித்ததில், கோருக்குப் போட நினைத்த பலர் இடம் மாறிக் குத்தியதால், பியூகானன் என்ற தீவிர வலதுசாரிக்கு 3,400க்கும் மேல் விழுந்தது. இவ்வளவு எனக்கு அங்கே எப்படி வந்தது என்று அவரே ஆச்சரியப்பட்டார். அந்தச் சீட்டைத் திட்டுகிறவர்கள் குறைவு. நேடரைத் திட்டுவது சுலபம், அவர் ஒரு ஆள், பெயர் இருக்கிறது.

சரி, வீண் ஓட்டு என்றால் என்ன? அமெரிக்காவில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட தேர்வாளர்கள்; மொத்தம் 538 பேர், 270 கிடைத்தால் அதிபர். இரண்டு மாநிலங்களைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் முதலில் வந்தவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் போய்விடும். 2020ல் டிரம்புக்குக் கலிபோர்னியாவில் 60 லட்சம் பேர் ஓட்டுப் போட்டார்கள், அது டெக்சாசில் அவர் வாங்கியதைவிட அதிகம், ஆனால் கலிபோர்னியாவில் கிடைத்த தேர்வாளர் பூஜ்யம். பெரிய கட்சிக்குப் போட்ட அந்த 60 லட்சத்தை யாராவது வீண் என்று சொன்னார்களா? 1992ல் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 100க்கு 19 பேரின் ஓட்டை வாங்கினார், அவருக்கும் பூஜ்யம்தான்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இவ்வளவு நியாயம் பேசும் நானே ஒரு காலத்தில் போன வார வாசகர் மாதிரிதான் இருந்தேன். நமக்கு அதிபர் தேர்தல் கிடையாது, மாமன்னரை ஆட்சியாளர்கள் மன்றம் தேர்ந்தெடுக்கிறது, பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையைப் பொறுத்தவர். ஆனால் ஓட்டுப் போடும் முறை அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களைப் போலத்தான்: ஒரு சீட்டு, ஒரு குறி, முன்னால் வந்தவர் ஜெயித்தார். நான் பத்து (Batu) என்ற தொகுதியின் வாக்காளர். 2022 நவம்பரில் இங்கே 10 பேர் நின்றார்கள், பத்து தொகுதியில் பத்து பேர் என்று கடையில் ஜோக். 18 வயதில் ஓட்டுரிமை வந்த பிறகு என் மகளுக்கு அதுதான் முதல் தேர்தல். சுயேச்சைகளில் ஒருவருக்குப் போடப் போகிறேன் என்றாள். நான் குதித்தேன். ஓட்டை உடைக்காதே, 2018 வரை நாட்டை ஆண்ட தேசிய முன்னணி திரும்பி வந்துவிடும் என்று சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரம் பாடம் எடுத்தேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "2018ல நீங்க போட்டது சுயேச்சைக்குத்தானே, அப்பா?"

உண்மைதான். அந்த வருஷம் வேட்புமனு நாளில், எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ஹராப்பானின் வேட்பாளர் தியான் சுவாவின் மனு 2,000 ரிங்கிட் அபராதத்தைக் காரணம் காட்டித் தள்ளுபடியானது. கூட்டணிக்கு இங்கே ஆளே இல்லாமல் போய், சுயேச்சையாக மனு போட்டிருந்த 22 வயதுப் பிரபாகரனை ஆதரிக்கச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் போட்டோம், அவரும் ஜெயித்தார். அன்று எவனும் வீண் ஓட்டு என்று சொல்லவில்லை. மேலிடம் சொன்னால் சுயேச்சை வீண் இல்லை, பிள்ளை சொன்னால் வீண்! (2022ல் தியான் சுவாவே சுயேச்சையாக நின்றதும் பிரபாகரன் கூட்டணி வேட்பாளராக நின்று ஜெயித்ததும் தனி வேடிக்கை.) தேர்தல் முடிந்தது, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. ஐந்தாம் நாள் அன்வார் பிரதமராகப் பதவி ஏற்றபோது, எந்தத் தேசிய முன்னணியைக் காட்டி மகளைப் பயமுறுத்தினேனோ அதுவும் அரசாங்கத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. டிவியைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

எங்கள் மேசையில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் உண்டு. தாத்தா மலாயா ரயில்வேயில் வேலைக்கு வந்தவர், இவர் பிறந்தது செந்தூலில். அதிகம் பேச மாட்டார். நாங்கள் அமெரிக்காவை வைத்துக் கத்திக்கொண்டிருந்தபோது, "பிடிக்காத இரண்டு பேர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தார். 2010 ஜனவரி, போர் முடிந்து எட்டே மாதம். இலங்கை அதிபர் தேர்தலில் ஒரு பக்கம் போரை நடத்திய அதிபர் மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் அதே போரில் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. தமிழர்கள் யாருக்குப் போடுவது? தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்குப் போடச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானவர்கள் வரவே இல்லை, வந்தவர்களில் அதிகம் பேர் பொன்சேகாவுக்குப் போட்டார்கள். சிவாஜிலிங்கம் என்ற தமிழர் சுயேச்சையாக நின்றார். தீவு முழுக்க அவருக்கு 10 ஆயிரம் ஓட்டுகூட விழவில்லை. அதற்கு முந்தைய 2005 தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் ஓட்டே விழவில்லை என்னும் அளவுக்கு ஆனது, மகிந்த ஜெயித்தது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வித்தியாசத்தில். போட்டாலும் கஷ்டம், போடாவிட்டாலும் கஷ்டம். அந்த மக்கள் செய்தது சரியா தப்பா என்று கோலாலம்பூரில் தே தாரிக் குடித்துக்கொண்டு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வார வாசகருக்கு இருந்தால் சொல்லட்டும்.

ஆனால் அதே பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்தக் கடிதத்துக்கே காரணம். இலங்கை அதிபர் தேர்தல் சீட்டில் 1, 2, 3 என்று வரிசை போட வழி இருக்கிறது. பாதிக்கு மேல் யாரும் வாங்கவில்லை என்றால் முதல் இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை நீக்கிவிடுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை மறுபடி எடுத்து, அதில் 2 அல்லது 3 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். 2024 செப்டம்பரில் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது, அனுர குமார திசாநாயக்க அப்படித்தான் ஜெயித்தார். 2019ல் அவர் வாங்கியது 100க்கு 3 மட்டுமே, அன்று அவருக்குப் போட்டதும் வீண் ஓட்டுதானே! அதே 2024 தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2 லட்சத்து 26 ஆயிரம் பேர் போட்டார்கள். அவர்கள் அவருக்கு 1 போட்டுவிட்டு, அனுரவுக்கோ இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாசவுக்கோ 2 போட்டிருக்கலாம். மனசுக்குப் பிடித்தவருக்கும் போட்ட மாதிரி, ஆட்சி யார் கைக்குப் போகிறது என்பதிலும் கை வைத்த மாதிரி.

இதையும் சொல்ல வேண்டும்: வழி இருந்தும் பலர் பயன்படுத்தவில்லை. அப்போது அதிபராக இருந்த ரணில் உட்பட நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த ஓட்டு 33 லட்சம் இருக்கும். அதிலிருந்து இரண்டாம் எண்ணிக்கையில் அனுரவுக்கும் சஜித்துக்கும் போய்ச் சேர்ந்தது இரண்டும் கூடி 2 லட்சத்து 73 ஆயிரம்தான். இரண்டாவது எண் போட்டால் முதல் ஓட்டு செல்லாமல் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், கட்சிக்காரர்கள் எங்கள் ஆளுக்கு மட்டும் குறி போடு என்று சொல்லிக் கொடுத்தது ஒரு பக்கம். அயர்லாந்திலும் இந்த வரிசை முறை இருக்கிறது, ஆனால் 2025 அக்டோபரில் நடந்த அதிபர் தேர்தலில் சீட்டில் மூன்றே பெயர், அதிலும் ஒருவர் நடுவில் விலகியவர். செல்லாத ஓட்டு 2 லட்சத்தைத் தாண்டியது. அதனால் வரிசை எண் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் மெய்ன், அலாஸ்கா என்று இரண்டு மாநிலங்கள் அதிபர் தேர்தலுக்கு இதைப் பயன்படுத்திவிட்டன, வானம் இடிந்து விழவில்லை.

நம் நாட்டில் 2018ல் 'உண்டி ரோசாக்' என்று ஓர் இயக்கம் கிளம்பியது ஞாபகம் இருக்கலாம் (மலாயில் 'கெட்ட ஓட்டு' என்று பொருள், நம் காதில் கோயில் உண்டியல் மாதிரித்தான் விழும்). மகாதீரையே மறுபடி பிரதமர் வேட்பாளராகக் கொண்டுவந்தீர்களே என்ற கசப்பில், செல்லாத ஓட்டுப் போடுவோம் என்றார்கள் இளைஞர்கள். நாம் எல்லோரும் சேர்ந்து அவர்களைத் திட்டித் தீர்த்தோம். அவர்கள் கையில் 1, 2 என்று போடும் சீட்டு இருந்திருந்தால் சீட்டைக் கெடுக்க வேண்டிய அவசியம் சிலருக்காவது வந்திருக்காது. நாடாளுமன்றத்துக்கு நிற்பவர் 10 ஆயிரம் ரிங்கிட் வைப்புத் தொகை கட்டி, எட்டில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் அதை இழக்கும் நாட்டில், மூன்றாவதாக ஒருவர் நிற்பதே பெரிய காரியம். அவருக்குப் போட நினைப்பவனைத் துரோகி என்று வேறு சொல்ல வேண்டுமா?

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 16வது பொதுத் தேர்தல் வரும்போது வழக்கம் போல வேட்பாளர் படமும் மும்முனைப் போட்டி, நான்குமுனைப் போட்டி என்ற பட்டியலும் போடுவீர்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு மலரில், இலங்கைச் சீட்டு எப்படி இருக்கும், 1, 2, 3 எப்படிப் போட வேண்டும், எப்படி எண்ணுவார்கள் என்று ஒரு மாதிரிப் படத்தோடு அரைப் பக்கம் போடுங்கள். எங்கள் கடையில் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்கிறோம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பத்து தொகுதி வாக்காளர்,
கோலாலம்பூர்.