பல் பதித்தால் கையில் ஒரு அட்டை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோட்டிலிருந்து காங்கயம் வரும் வழியில் பல் மருத்துவமனை விளம்பரப் பலகைகள் பெருகிவிட்டன. ‘ஒரே நாளில் நிரந்தரப் பல்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். தாடை எலும்பில் செயற்கைப் பல்லைப் பதிக்கும் இந்த இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொருத்திக்கொள்ள வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை, என்ன பொருத்தினோம் என்று குறித்த ஒரு அட்டையைக்கூடக் கொடுப்பதில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் அம்மாவுக்குக் கீழ்த்தாடைக் கடவாய்ப்பல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. பக்கத்துப் பற்களைத் தாங்கலாக வைத்துப் பல் கட்டும் பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கமும் நன்றாக இருந்த பற்களைத் தேய்த்துச் சிறிதாக்க வேண்டும். கழற்றி மாட்டும் பல் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் 30,000 ரூபாய்க்கு மேல் செலவானாலும் பரவாயில்லை என்று இம்ப்ளான்ட் வைத்தோம். டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்குருவைத் தாடை எலும்புக்குள் பதிக்கிறார்கள். எலும்பு அதை இறுகப் பிடித்த பிறகு மேலே பல் வடிவிலான கேப் ஏறும். ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரானேமார்க், முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்தபோது உள்ளே வைத்த டைட்டானியம் எலும்போடு ஒட்டிப் பிரிக்க முடியாமல் போனதைக் கவனித்தார். அதிலிருந்து வந்த சிகிச்சை இது. 1965-ல் அவர் பல் பொருத்திய முதல் நோயாளிக்கு, 2006-ல் இறக்கும்வரை அந்த இம்ப்ளான்ட்டுகள் பயன்பட்டன.

அம்மாவுக்குக் கேப் ஏற மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே பொதுவாக இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். எலும்பு உறுதியாக இருக்கும் சிலருக்கு அன்றைக்கே பல் மாட்டுவதும் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் தற்காலிகக் கேப். இதையும் அந்தப் பலகையில் எழுத வேண்டும்.

“நெலக்கடலை மென்னு எத்தன வருசமாச்சு கண்ணு” என்று அம்மா சொன்னபோது வீடே சந்தோஷப்பட்டது. சில வருடம் கழித்து அந்தக் கேப் ஆட ஆரம்பித்தது. கேப்பைப் பிடித்திருக்கும் உள் ஸ்குரு தளர்ந்துவிட்டது, இறுக்கினால் போதும் என்றார் நாங்கள் பார்த்த வேறொரு டாக்டர். அப்புறம் அவர் கேட்டார்: “எந்தக் கம்பெனிங்க, என்ன சைஸ்ங்க?” எங்களுக்குத் தெரியவில்லை. ரசீதில் ‘இம்ப்ளான்ட் ஒன்று’ என்று மட்டும் இருந்தது. பொருத்திய கிளினிக்கோ மூடிக் கிடந்தது. எல்லாக் கம்பெனி உள் ஸ்குருவும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றின் தலை அறுகோணமாக இருக்கும், இன்னொன்று நட்சத்திர வடிவில் இருக்கும், திருப்பும் சாவியும் அதற்கேற்ப மாறும். தப்பான சாவியைப் போட்டால் தலை மழுங்கிவிடும், அப்புறம் கழற்றுவதே பெரும்பாடு. அந்த டாக்டர் எக்ஸ்ரேயில் வடிவத்தைப் பார்த்து, கோவையில் தனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு, பொருந்தும் சாவியை வரவழைத்து இறுக்கிக் கொடுத்தார். அதுவரை அம்மா ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார்.

நான் எண்ணெய் மில் நடத்துகிறேன். ஒரு பேரிங் மாற்றினால்கூட அதன் நம்பரை நோட்டில் எழுதி வைப்போம். மனிதர் தாடையில் பல வருடம் இருக்கப்போகும் பொருளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. இத்தனைக்கும் பெரும்பாலான இம்ப்ளான்ட் பெட்டிகளில் கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கிறது. அதை உரித்து ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகுமா?

பராமரிப்பையும் தமிழில் எழுதித் தர வேண்டும். டைட்டானியத்துக்குச் சொத்தை வராது, அதனால் இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழுக்கு தங்கிச் சீழ் பிடித்தால், ஸ்குருவைத் தாங்கும் எலும்பு கரையும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே தெரியாது. துலக்கும்போது ரத்தம் வந்தால் உடனே காட்ட வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், தாடைப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சொந்தத்தில் வயதானவர்கள் பலர், கீழ்ப் பல்செட்டு நிற்காமல் நழுவுகிறது என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு களியும் ரசஞ்சோறுமாகக் காலம் தள்ளுகிறார்கள். கீழ்த்தாடையில் இரண்டே இம்ப்ளான்ட் வைத்து, அதன்மேல் பல்செட்டை மாட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒன்று வைக்க வேண்டியதில்லை. இந்த வழியை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

பல் மருத்துவர் சங்கங்கள் இந்த அட்டையைக் கட்டாய வழக்கமாக்க வேண்டும். தங்கள் மருத்துவப் பக்கத்தில் அதன் மாதிரி ஒன்றை வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். ஏற்கெனவே பல் பதித்தவர்கள், பொருத்திய டாக்டர் அதே ஊரில் இருக்கும்போதே போய்க் கம்பெனி பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டோடு வைக்காமல், ஆதார் அட்டை இருக்கும் இடத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
எண்ணெய் மில் நடத்தும் வாசகர்,
காங்கயம்.