எங்கள் ஹார்ட் டிஸ்க்கை ஆன் பண்ணாமல் அப்படியே திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

மதுரை சிம்மக்கல்லில் சின்னதாக பிரஸ் வைத்திருக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆள் வந்து புது இன்டர்நெட் லைன் போட்டது எங்கள் கடையில்தான். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது: எங்கள் பைல்களை அழித்துவிட்டு "ஆபீஸில் வைத்துப் பார்க்கிறேன்" என்று அவர் கழற்றிக்கொண்டு போன 1 டிபி டிஸ்க்கை இனி யாரும் எந்த சிஸ்டத்திலும் மாட்ட வேண்டாம். மாட்டி ஆன் பண்ணினாலே விண்டோஸ் அதில் எதையாவது எழுதும், எழுதிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

நாங்கள் கேட்டது லைனை மாற்றச் சொல்லி மட்டும். பழைய ரவுட்டர் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் 192.168.1 வரிசையில் ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி, கொடுத்துக்கொண்டிருந்தது, சர்வர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழைய டெஸ்க்டாப்புக்கு 192.168.1.10 என்று கையாலேயே போட்டு வைத்திருந்தோம். உங்கள் ரவுட்டர் 192.168.0 வரிசை. டிசைன் போடும் மூன்று சிஸ்டமும் புது வரிசைக்குப் போய்விட்டன, சர்வர் பழைய வரிசையிலேயே நின்றது, ஒன்றையொன்று பார்க்க முடியாமல் ஷேர் போல்டர் திறக்கவில்லை. ரவுட்டரின் எண்ணை பழையபடி 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவரோ பயர்வாலை நிறுத்திப் பார்த்தார், ஒர்க்குரூப் பெயரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு, பார்மேட் போட்டா சரியாயிரும்" என்றாராம். நான் சாப்பிடப் போயிருந்தேன். கடைப் பையனிடம் கேட்டாராம், அவன் தலையாட்டினானாம். 19 வயசுப் பையன் தலையாட்டியதற்குப் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துப் புது விண்டோஸ் போட்டு வைத்திருக்கிறார்.

அப்போதுகூட விட்டிருந்தால் பெரும்பகுதி பிழைத்திருக்கும். குயிக் பார்மேட்டில் எந்த பைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழிகிறது, பைல்கள் உடனே அழிவதில்லை என்று ரெக்கவரி செய்கிறவர் சொன்னார். உங்கள் ஆள் பதறிப்போய் ஏதோ இலவச சாப்ட்வேரை இறக்கி, அதை அதே டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்து, மீண்டு வந்த பைல்களையும் அதே டிஸ்க்கில் சேவ் செய்திருக்கிறார். கிணற்றைத் தூர்வாரி மண்ணை அந்தக் கிணற்றுக்குள்ளேயே கொட்டின மாதிரி. செய்ய வேண்டியது, அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் வேறொரு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, நகலில் தேடுவது. அப்படிச் செய்தாலும் பைல் பெயரும் போல்டரும் பெரும்பாலும் வராது, வெறும் நம்பர் போட்ட பைல்களாக வரும், ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்கிறார்.

என்ன பெரிய டேட்டா என்று உங்கள் மேலாளர் போனில் கேட்டார். இது பங்குனி. சித்திரைத் திருவிழா மண்டகப்படி நோட்டீஸ் முழுக்க இப்போதுதான் வரும். வண்டியூரிலிருந்தும் தல்லாகுளத்திலிருந்தும் வருகிறவர்கள் "போன வருஷத்துதையே எடுத்து தேதியை மட்டும் மாத்துங்க" என்றுதான் நிற்பார்கள். அதில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே, எந்தப் பெரியவர் பெயருக்கு முன்னால் தெய்வத்திரு சேர்ந்துவிட்டது என்பதெல்லாம் வருஷா வருஷம் சண்டை போட்டுத் தீர்ந்த கணக்கு. ஒரு பெயர் கீழே இறங்கினால் 2,000 நோட்டீசும் பழைய பேப்பருக்குத்தான். இப்போது ஒவ்வொருவரிடமும் போன வருஷம் நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய புரூப் படத்தைக் கெஞ்சி வாங்குகிறோம். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுவதால் அச்சுக்கு உதவாது, பார்த்து மறுபடி டைப் அடிக்கத்தான். பிடிஎப் வைத்திருப்பவர்களிடம் வாங்கி எழுத்தைக் காப்பி செய்தால், பழைய பாமினி எழுத்துரு என்பதால் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாக விழுகிறது.

எங்கள் மேலும் தப்பு உண்டு. கடைசி பேக்கப் தீபாவளிக்கு எடுத்தது, அதுவும் பாதி. அதற்காக, கேட்காத வேலையைச் செய்துவிட்டு "வாடிக்கையாளர் டேட்டாவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்று ஒரு வரி மெயில் அனுப்புவீர்களா? லைன் மாற்ற வந்தவர் சர்வரைத் தொட எந்த வரியில் அனுமதி இருக்கிறது?

டிஸ்க் வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கடைக்கு வர வேண்டும். உங்கள் ஆள் அதில் என்னென்ன செய்தார் என்று வரிசையாக எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ரெக்கவரி செய்கிறவர் முதலில் கேட்பது அதைத்தான். ரெக்கவரி செலவு உங்களுடையது. புது லைன் பில்லை அதுவரை கட்ட மாட்டேன். வரவில்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். "வியாபாரத்துக்கு வாங்கியது, செல்லாது" என்று சொல்லிப் பார்க்காதீர்கள், சுயதொழிலில் பிழைப்பு நடத்துகிறவனையும் 2019 சட்டம் நுகர்வோர் என்றுதான் சொல்கிறது.

கடை காலை ஒன்பதரைக்குத் திறக்கும். டிஸ்க்கை என் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், பையனிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
சிம்மக்கல் பிரஸ்காரன்